கடைசி பெஞ்சில் ஒருவர்

வழக்கு எதுவும் இல்லாமல், சும்மா வேடிக்கை பார்க்க நீங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்களா? போகலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அதுவே 366. விசாரணை நடக்கிற இடம் திறந்த நீதிமன்றம், இடம் இருக்கிறவரை யாரும் வந்து உட்காரலாம் என்கிறது. பாலியல் வன்முறை போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் கதவு மூடப்படும்.

நான் ஒரு தடவை போனேன். ஊர் பேர் வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, டவாலி வந்து, "எந்தக் கேஸ் ஸார்?" என்றார். "கேஸ் எல்லாம் இல்லை, சும்மா பார்க்கலாம்னு..." என்று இழுத்தேன். "பார்ட்டிங்க உட்காரணும், கொஞ்சம் அப்படி நில்லுங்க." நின்றேன். நிற்கிற நேரத்துக்கு ஏதாவது எழுதலாமே என்று பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தேன். அவ்வளவுதான். அதுவரை ஒரு கிழவியை "ஏம்மா, வாய்தான்னு சொன்னேன்ல, காதுல விழலை?" என்று விரட்டிக்கொண்டிருந்த பெஞ்ச் கிளார்க், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பதினாலாம் தேதி வாங்கம்மா" என்றார். கிழவிக்குக் கிடைத்தது அதே வாய்தாதான். மரியாதை மட்டும் கூட.

இந்த நோட்டுப் புத்தக வேலையையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 'டிரையல் மானிட்டரிங்' என்று பெயர். விசாரணை முறையாக நடக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பது. வாயே திறக்கக் கூடாது, நீதிபதிக்கு யோசனை சொல்லக் கூடாது, யார் பக்கமும் சாயக் கூடாது. பார்த்ததை அறிக்கையாக எழுத வேண்டும். உலகத்தில் பல இடங்களில் இது நடக்கிறது. நிறையப் பணமும் செலவாகிறது. இதனால் நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா? கிழவிக்குக் கிடைத்த மாதிரி மரியாதை மட்டும்தானா, வாய்தாவும் குறையுமா?

பதில் தேட எனக்குத் தெரிந்து நல்ல இடம் போஸ்னியா.

1992 முதல் 1995 வரை அங்கே நடந்த போரை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. சபை 1993-ல் ஹேக் நகரத்தில் ஒரு சர்வதேச நீதிமன்றம் அமைத்தது. பெரிய தலைகளை அது விசாரித்தது. எல்லாரையும் அங்கேயே வைத்து விசாரித்தால் முடிகிற காரியமா? அடுத்த கட்டத்து ஆட்களை அவரவர் நாட்டுக்கே அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். ஹேக் விதிப் புத்தகத்தில் இதற்கு '11 பிஸ்' என்று ஒரு விதி. சரயேவோவில் இதற்காகவே 2005 மார்ச்சில் போர்க் குற்றப் பிரிவு ஒன்று திறந்தது. ஆரம்பத்தில் வெளிநாட்டு நீதிபதிகளும் உள்நாட்டு நீதிபதிகளும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஆறு வழக்குகளில் பத்துப் பேரை ஹேக் அங்கே அனுப்பிவைத்தது.

அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியுமா? நேற்றுவரை ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டிருந்த ஊர். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் (சுருக்கமாக ஓ.எஸ்.சி.ஈ.) ஆட்கள் ஒவ்வொரு விசாரணையிலும் உட்கார்ந்து பார்த்து, ஹேக் பிராசிக்யூட்டருக்கு எழுத வேண்டும். விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்றால், வழக்கைத் திரும்ப ஹேக்குக்கே பிடுங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரமும் விதியிலேயே இருந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உலகத்தில் பெரும்பாலான கண்காணிப்புத் திட்டங்களுக்குப் பல் கிடையாது. அறிக்கை எழுதுவார்கள், அச்சடிப்பார்கள், ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டு வெளியிடுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள். இங்கே அப்படியில்லை. அறிக்கையைப் படிக்கக் கடமைப்பட்ட ஒருவர் ஹேக்கில் உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டு நடவடிக்கையும் எடுக்கலாம்.

முதலாவதாக அனுப்பப்பட்டவர் ரடோவன் ஸ்டான்கோவிச். 2005 செப்டம்பரில் சரயேவோ வந்தார். 1992-ல் ஃபோச்சா என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெண்களையும் சிறுமிகளையும் அடைத்து வைத்துச் சீரழித்த வழக்கு. அந்த வீட்டுக்கு இவர்தான் பொறுப்பு என்பது குற்றச்சாட்டு. சாட்சிகளைக் காப்பாற்றுவதற்காக விசாரணையைப் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் மூடிவிட்டார்கள். சாட்சியை மறைக்கலாம், அதற்காக மொத்த விசாரணையையும் மூடத்தான் வேண்டுமா என்று கண்காணிப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2006 நவம்பரில் தீர்ப்பு: 16 வருஷம். 2007-ல் அப்பீலில் அது 20 ஆனது. வழக்கு ஹேக்குக்குத் திரும்பவில்லை. ஆறு வழக்குகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திட்டம் ஜெயித்தது என்று எழுதலாம்.

எழுதுவதற்கு முன் அடுத்த வரி. தண்டனையை அனுபவிக்க அவரை எந்த ஜெயிலுக்கு அனுப்பினார்கள் தெரியுமா? ஃபோச்சா ஜெயிலுக்கு. குற்றம் நடந்த அதே ஃபோச்சா. அவருடைய சொந்த பந்தம், பழைய சகாக்கள் எல்லாம் அங்கேதான். 2007 மே 25, வைத்தியத்துக்காக வெளியே அழைத்துப் போனபோது ஆள் ஓடிவிட்டார். 2012 ஜனவரியில்தான் பிடித்தார்கள். நாலரை வருஷத்துக்கும் மேல். பிடித்தது எங்கே? ஃபோச்சாவில்!

வழக்கைத் திரும்பப் பிடுங்குகிற அதிகாரத்துக்கு விதியில் ஒரு வரம்பு உண்டு. குற்றவாளி, நிரபராதி என்று கோர்ட் சொல்வதற்கு முன்னால் மட்டும்தான். அவர் ஓடியது தீர்ப்புக்கு ஆறு மாதம் கழித்து. பல் விழுந்த பிறகு கதவு திறந்தது.

'இதற்குக் கண்காணிப்பாளர்கள் என்ன செய்வார்கள், பாவம்? அவர்கள் வேலை கோர்ட்டோடு சரி' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். திட்டம் போட்டவர்கள்மேல் சொல்வேன். சாட்சிக்கூண்டில் நின்ற பெண்ணுக்கு விசாரணை என்பது தீர்ப்போடு முடிகிற சமாசாரம் அல்ல. தான் அடையாளம் காட்டிய ஆள் உள்ளே இருக்கிறானா என்பதும் சேர்த்துத்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வக்கீல் கிடைத்தாரா, மொழிபெயர்ப்பு சரியாக இருந்ததா என்றெல்லாம் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அது அவசியம்தான். ஆனால் ஹேக்கின் பிடி ஜெயில் வாசலுக்கு முன்பே முடிகிற மாதிரிதான் அந்த விதியை எழுதியிருந்தார்கள்.

இதே ஆட்கள் செய்த இன்னொரு வேலையைச் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரன். போஸ்னியாவில் போர்க் குற்றங்களைப் பல கோர்ட்டுகள் விசாரித்தன. சரயேவோவில் இருந்த மாநிலங்களுக்கு மேலான கோர்ட் 2003-ன் புதுச் சட்டப்படி தண்டனை கொடுத்தது. கீழே இருந்த கோர்ட்டுகள் பழைய யூகோஸ்லாவியச் சட்டப்படி கொடுத்தன. ஒரே மாதிரிக் குற்றம். பொதுமக்களுக்கு எதிரான போர்க் குற்றத்துக்குப் பழைய சட்டத்தில் குறைந்தபட்சம் 5 வருஷம், புதுசில் 10. உச்சம் பழசில் 20, புதுசில் 45. எந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வயசு கரையும்.

ஒரே கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது சட்டென்று தெரியாது. பத்துக் கோர்ட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஓ.எஸ்.சி.ஈ. இதைப் பற்றி 2008-லேயே தனி அறிக்கை போட்டது. சட்டப் பிரயோகம் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்றது. கண்காணிப்பு என்ற தொழிலுக்கே நியாயம் சேர்க்கிற அறிக்கை அது.

என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தண்டனை பெற்ற இரண்டு பேர் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அவர்கள் விஷயத்தில் புதுச் சட்டத்தைப் பின்தேதியிட்டுப் பிரயோகித்தது உரிமை மீறல் என்றது கோர்ட். அப்புறம் போஸ்னியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் பழைய தீர்ப்புகளை வரிசையாக ரத்து செய்ய, அந்த வருஷக் கடைசியில் பத்துப் பேர், இனப்படுகொலையில் தண்டனை பெற்றவர்கள் உள்பட, மறுவிசாரணைக்காக வெளியே வந்தார்கள். சிறையில் இருந்தவனுக்கு அநீதி என்று சொன்ன அதே விஷயம், படுகொலையில் பிள்ளையை இழந்த தாய்க்கும் அநீதியாக முடிந்தது. 2008-ல் யாராவது கையில் எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் இந்த அவஸ்தை குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இந்த அறிக்கையைப் படித்தே ஆக வேண்டிய நாற்காலி ஒன்றும் எங்கேயும் இருக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

இனி எண்ணிக்கை. திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு எண்ணிக்கை மீது தீராத காதல். எத்தனை வாய்தா பார்த்தாய், எத்தனை அறிக்கை, எத்தனை பரிந்துரை? ஆஸ்பத்திரியின் தரத்தை எத்தனை தெர்மாமீட்டர் உடைந்தது என்று கணக்கெடுக்கிற மாதிரி. எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் போஸ்னியாவிலேயே உதாரணம் இருக்கிறது. அரசாங்க பிராசிக்யூட்டர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை வழக்கு என்று கோட்டா வைத்தார்கள். என்ன செய்தார்கள்? ஒரே கிராமத்தில் ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு வழக்காகப் போட்டார்கள். கோட்டா நிறைந்தது. சாட்சிகள்தான் பாவம், ஒரே துயரத்தைக் கோர்ட் கோர்ட்டாகப் போய்த் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதை வெளியே கொண்டுவந்தவர் ஜோவன்னா கோர்னர். பிரிட்டிஷ் நீதிபதி, ஹேக்கில் பிராசிக்யூட்டராக இருந்தவர். ஓ.எஸ்.சி.ஈ. கேட்டுக்கொண்டதால் சரயேவோ பிராசிக்யூட்டர் அலுவலகத்தை ஆராய்ந்து 2016-ல் அறிக்கை கொடுத்தார். ராஜதந்திரிகளின் பஞ்சு மொழி கிடையாது. வழக்கைத் துண்டு போடாதே, தரத்தைப் பார் என்று பட்டவர்த்தனமாக எழுதினார். கோர்ட்டுக்குள் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் இது முழுசாகப் பிடிபட்டிருக்காது. கோளாறு பிராசிக்யூட்டர் மேஜையில் இருந்தது, வழக்கு கோர்ட் படி ஏறுவதற்கு முன்பே.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் அடுத்துச் செய்தது. திரும்பவும் போனார். தான் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சரிபார்த்து 2020-ல் இரண்டாவது அறிக்கை. சொன்னதில் நிறைய நடக்கவில்லை என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு கண்காணிப்புத் திட்டம் உருப்படியா இல்லையா என்று என்னைக் கேட்டால், முதல் அறிக்கையை எடுத்து வைத்துவிட்டு இந்த இரண்டாவதைத்தான் தேடுவேன். பல திட்டங்களில் அது இருக்காது. பழைய பரிந்துரையையே தேதி மாற்றி அச்சடித்திருப்பார்கள்.

அப்போ ஓ.எஸ்.சி.ஈ. திட்டத்துக்கு எத்தனை மார்க்? பார்த்ததற்கு நல்ல மார்க். பார்த்ததை ஒளிக்காமல் சொன்னதற்கும் நல்ல மார்க். சொன்னதைக் கேட்க ஆள் இருந்த இடத்தில் பாஸ், இல்லாத இடத்தில் வாய்தா.

2008 டிசம்பரில் போஸ்னிய அரசு ஒரு திட்டம் போட்டது. சிக்கலான போர்க் குற்ற வழக்குகளை 7 வருஷத்திலும் மற்றவற்றை 15 வருஷத்திலும் முடிப்பதாகச் சொன்னது. முதல் கெடு தாண்டியது. 2020-ல் திட்டத்தைத் திருத்தி, எல்லாவற்றுக்கும் 2023 கடைசி என்றார்கள். அதுவும் தாண்டியது, வழக்குகள் நூற்றுக்கணக்கில் மிச்சம். கண்காணிப்பாளர்கள் நோட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். போர் முடிந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. சாட்சியும் குற்றவாளியும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.