உம்ம்ம் என்றால் உயிர் இருக்கு!

சுவிட்சை அழுத்தினால் "உம்ம்ம்" என்கிறது, கத்தி மட்டும் அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இப்படி ஒரு பழைய மின்சாரப் புல்வெட்டும் மெசின் உங்கள் வீட்டு ஸ்டோரில் கிடந்தால், ஐயோ, தயவுசெய்து பழைய இரும்பு லோரியைக் கூப்பிட்டுவிடாதீர்கள்! அந்த உம்ம்ம் எவ்வளவு நல்ல சத்தம் தெரியுமா? பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் போகவில்லை, வயர் அறவில்லை, சுவிட்ச் வேலை செய்கிறது, கரண்ட் காயில் வரைக்கும் வந்துவிட்டது என்று மோட்டாரே வாய் திறந்து சொல்கிற சத்தம் அது!

எனக்கு இந்தக் காதைக் கொடுத்தவர் பெரியப்பா. எங்கள் ஊர் மந்தின் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். பால்மரம் போய் செம்பனை வந்தது, லயத்து வீடு போய் தாமான் வீடு வந்தது, அவர் கை மட்டும் மாறவே இல்லை. யாரோ பங்களாவைக் காலி செய்தபோது வேண்டாமென்று தள்ளிவிட்ட மெசினை நான் தூக்கிக்கொண்டு வந்து நிற்க, வீட்டுக்காரி "இது எதுக்குங்க, ஊரே தோள்ல மாட்டுற பெட்ரோல் மெசின்லதானே வெட்டுது?" என்று கேட்க, பெரியப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். உறுமிக்கொண்டே நின்றால் காயில் சூடாகிக் கருகிவிடும், அப்புறம் அழுதாலும் வராது. பிறகு கத்தியைக் கழற்றிவிட்டு சாஃப்டை விரலால் திருப்பினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "பேரிங் தங்கம்டா தம்பி!" மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்த புல், எறும்புக் கூடு, பல்லி முட்டை ஓடு, மந்தின் மழையில் ஊறி ஊறிக் காய்ந்த அந்தப் புழுங்கல் வாடை. நான் அதையும் முகர்ந்து ரசித்தேன், சிரிக்காதீர்கள்.

இப்போதுதான் கச்சேரி! நினைத்துப் பாருங்கள்: கத்தி இல்லாத மோட்டாரைப் பலகையில் இறுக்கிக் கட்டியாயிற்று, சாஃப்டில் ஒரு நூலைச் சுற்றியாயிற்று, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள பிளக்பாயின்டில் செருகியாயிற்று, உம்ம்ம் என்கிறது, பெரியப்பா நூலைச் சரக்கென்று இழுக்கிறார், விர்ர்ர்ரென்று கிளம்பிவிட்டது! நிறுத்தினார், நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார், இழுத்தார், எதிர்ப்பக்கமாகவே விர்ர்ர்! வலது என்றால் வலது, இடது என்றால் இடது! நான் பத்து வயதுப் பையன் மாதிரி கை தட்டிக் குதித்தேன், பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. (கத்தியோடு இதைச் செய்ய நினைக்கவே நினைக்காதீர்கள், விரல் இருக்காது.)

ஏன் அப்படி? வீட்டு பிளக்குக்கு வருவது ஒற்றை ஃபேஸ். அது உண்டாக்கும் காந்தப்புலம் சுற்றாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்கும். சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது மிதிக்கிற கதைதான்: எவ்வளவு மிதித்தாலும் போகாது, கொஞ்சம் தள்ளிவிட்டால் எந்தப் பக்கமும் போகும். அந்தத் தள்ளலைக் கொடுக்கத்தான் மோட்டாருக்குள் இரண்டாவது காயில், அதோடு ஒரு கெப்பாசிட்டர். அது இரண்டாவது காயிலின் கரண்டைக் கொஞ்சம் முந்திப் போகவிடும், இரண்டு துடிப்பும் சேர்ந்து புலத்தையே சுழற்றிவிடும். இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் 1888-இல் தனித்தனியே உலகத்துக்குச் சொன்ன அதே சுழலும் காந்தப்புலம், மந்தினில் என் கார்ப்போர்ச் சிமென்ட் தரையில்! எனக்குப் புல்லரித்துவிட்டது. புல்வெட்டும் மெசினிடம் புல்லரிப்பதில் தப்பே இல்லை.

சரி, குற்றவாளி யார்? அவசரப்பட்டு கெப்பாசிட்டரைத் தொட்டுவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் சார்ஜ் தங்கியிருக்கலாம். பெரியப்பா ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு வயரை வைத்து அதை வடித்துவிட்டுத்தான் மீட்டரை நீட்டினார். உடம்பில் அச்சடித்திருப்பது 16 மைக்ரோஃபேரட், மீட்டர் காட்டியது 4! இரண்டாவது காயிலையும் அளந்தார், அறவில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெசின் ஸ்பேர் விற்கிற கடைக்குப் பறந்தேன், அதே 16, 450 வோல்ட், மோட்டார் ஓடும்போதெல்லாம் லைனில் நிற்கிற வகை. வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. விலை? சில ரிங்கிட், அவ்வளவுதான்!

மாட்டினோம், கத்தியை முடுக்கினோம், வாசல் புல்லில் வைத்து அழுத்தினேன். உம் என்றுகூடச் சொல்லவில்லை, நேரே ஊய்ய்ய்! நம் 50 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டாருக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றுதான் உச்ச வரம்பு, அதற்குக் கொஞ்சம் கீழே நின்று ஒரே சுருதியில் பாடுகிறது, பெட்ரோல் நாற்றம் இல்லை, கயிறு இழுத்துத் தோள்பட்டை வலி இல்லை, வெட்டிய புல் வாசனை மூக்கைத் துளைக்கிறது, நான் என் வாசலை முடித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கமும் வெட்டி, கேட்காமலே எதிர் வீட்டு ஓரத்தையும் வெட்டிவிட்டேன். வயர் காலில் மாட்டுகிறதுதான், சரி, மாட்டட்டுமே!

எதிர் வீட்டு அக்கா நன்றி சொல்லிவிட்டு, "தம்பி, எங்க ஹால் ஃபேன் அஞ்சுல வச்சாலும் மெதுவாத்தான் சுத்துது, கைல தள்ளிவிட்டாதான் கிளம்புது" என்றார். கையால் தள்ளிவிட்டால் கிளம்புகிறதா! "கெப்பாசிட்டர்!" என்று கத்திக்கொண்டே ஸ்க்ரூடிரைவரும் ஏணியுமாக ஓடினேன், மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிப் பெரியப்பா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.