வேர் என்ன ஆயிற்று?

என்னுடைய நாவல் ஒன்றில் ஒரு புல்டோஸர் வருகிறது. உறுமிக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறது. மரங்கள் மடமடவென்று சரிகின்றன. அரைப் பக்கத்தில் காடு தீர்ந்துபோகிறது. அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே பச்சைப் பயிர் காற்றில் அசைகிறது. அந்த இடத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

திண்டிவனம் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் ஒரு கார்டு போட்டார்: "ஐயா, மரம் விழுந்தது சரி. வேர் என்ன ஆயிற்று?"

அந்த நாவலுக்கு வந்த விமர்சனங்களுள் உருப்படியானது அது ஒன்றுதான்.

வேர் என்ன ஆகும் என்பதற்குப் பதில், இன்று தான்சானியாவாக இருக்கும் பழைய டாங்கனீக்காவில், கொங்வா என்ற இடத்தில் இருக்கிறது. யுத்தம் முடிந்த சமயம். பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. டாங்கனீக்காவிலும் அண்டை நாடுகளிலுமாகச் சுமார் 32 லட்சம் ஏக்கர் புதர்க்காட்டை அழித்து வேர்க்கடலை பயிரிடுவதென்று 1946-ல் திட்டம் போட்டார்கள். யுத்தத்தில் மிஞ்சிய டிராக்டர்களைப் பிலிப்பைன்ஸிலிருந்து வாங்கி வந்தார்கள். ஷெர்மன் டாங்கிகளைக்கூட டிராக்டர்களாக மாற்றினார்கள். இரண்டு புல்டோஸர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைப் பூட்டி இழுத்தால், வழியிலுள்ள மரமெல்லாம் சாய்ந்துவிடும்.

இதுவரை என் நாவல்தான்.

விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மேலே மரம் சாய்ந்ததே தவிர, மண்ணுக்குள் வேர்கள் பின்னிக் கிடந்தன. அவற்றைக் கிளறப்போன கொழுக்கள் வளைந்தன, தேய்ந்தன. மழை நின்றதும் களிமண் செங்கல்லாக இறுகிவிட்டது. விளைந்த கடலையைப் பிடுங்க முடியவில்லை. 1947-ல் 1,50,000 ஏக்கர் என்பது உத்தேசம். 10,000 ஏக்கர்கூடத் தேறவில்லை. 1951 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். நஷ்டம் 3½ கோடி பவுண்டுக்கு மேல். அதே சீமையில் கோகோ மக்கள் சோளமும் கம்பும் விதைத்து, மாடு மேய்த்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். அந்த மண்ணையும் மழையையும் அறிந்தவர்கள் அவர்கள்.

பிரிட்டனில் இதை மடமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் பணத்தைக் கொட்டிச் செய்ததை நான் மையைக் கொட்டிச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

யந்திரமே கூடாது என்பது என் கட்சியல்ல. எழுதுகிறவனுக்கு மரம் விழுவதில் ஒரு சபலம் இருக்கிறது. அதில் சத்தம் உண்டு, காட்சி உண்டு, ஒரே வாக்கியத்தில் முடித்தும் விடலாம். வேருக்குச் சத்தம் கிடையாது. வேரைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த மண்ணில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்து பார்த்தவனைக் கேட்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை.

நாவல் மறுபதிப்புக்குப் போகிறது. அந்த அரைப் பக்கம் இருக்கட்டும். அதற்கும் பச்சைப் பயிருக்கும் நடுவே ஓர் அத்தியாயம் சேர்க்க வேண்டும். அதை எழுத எனக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். கார்டில் விலாசம் இருக்கிறது. திண்டிவனம் வரை ஒரு நடை போய்வரலாமென்று இருக்கிறேன்.