ஏற்றமும் கிழவரும்

1953 நவம்பரில் மியூனிக் நகரில் ஓர் உரைத்தொடர் நடந்தது. தொழில்நுட்பம் குறித்த தன் கேள்வியை ஹைடெகர் வாசித்தது அங்கேதான். அதே தொடரில் பேசிய இயற்பியலாளர் ஹைசன்பெர்க் ஒரு சீனக் கதையைச் சொன்னார். சுவாங் ட்சு நூலில் உள்ள கதை. கிழவர் ஒருவர் கிணற்றில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். வழியில் வந்த ட்சு-குங், கன்ஃபூசியஸின் சீடன், ஒரு மரக்கருவியைப் பற்றிச் சொல்கிறான். பின்னால் பாரம், முன்னால் இலேசு, ஒரே நாளில் நூறு பாத்தி பாயும். நம்ம ஏற்றந்தான், வேறொன்றுமில்லை. எந்திரத்தைத் தொட்டவனுக்கு எந்திர மனசு வந்துவிடும், எனக்கு அது தெரியாமலில்லை, வெட்கமாயிருக்கிறது என்கிறார் கிழவர்.

ஹைசன்பெர்க் இதோடு நிறுத்திக்கொண்டார். அணுகுண்டுக்குப் பிந்திய ஐரோப்பாவுக்குக் கிழக்கிலிருந்து ஒரு ஞானக்கிழவர் கிடைத்துவிட்டார், போதாதா? ஆனால் பிரதி அங்கே முடியவில்லை. சீடன் ஊர் திரும்பிச் சொன்னதும், அந்தக் கிழவர் ஒரு பக்கத்தை மட்டும் அறிந்தவர் என்று கன்ஃபூசியஸ் தள்ளிவிடுகிறார். அதே நூலின் 14ஆம் அத்தியாயத்தில் இதே ஏற்றம் திரும்ப வருகிறது, இந்த முறை பாராட்டோடு. இழுத்தால் தாழ்கிறது, விட்டால் உயர்கிறது, யாரையும் அது இழுப்பதில்லை, அதனால் யார் பொல்லாப்பும் அதற்கில்லை. 'எந்திரத்தை மறுத்த சீனம்' என்பது மேற்கு தனக்காகக் கட்டிக்கொண்ட கதையாடல்.

2016இல் வந்த யுக் ஹுய்யின் நூல் இந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்யவில்லை. தொழில்நுட்பம் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் தன் பிரபஞ்சப் பார்வையோடும் அறத்தோடும் பிணைந்தது என்பது அவர் வாதம். அபினிப் போர்களில் அடிவாங்கிய சீனச் சீர்திருத்தக்காரர்கள், சிந்தனை நம்முடையது, கருவி மட்டும் மேற்கினுடையது என்று பிரித்தார்கள். அந்தப் பிரிப்பே தெகார்த்தேயிடமிருந்து வந்த சரக்கு என்கிறார் ஹுய். சரியான அடி. பண்பாட்டைக் காத்துக்கொண்டு பீரங்கியை மட்டும் வாங்கலாம் என்று நம்பியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மரபுக்குத் திரும்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் அவருக்குத் தெரியும். கியோட்டோ சிந்தனையாளர்களின் 'நவீனத்தைக் கடத்தல்' ஜப்பானியப் போருக்குத் துணைபோனதை அவர் மறைக்கவில்லை.

என் தகராறு வேறு இடத்தில். கருவியும் வழியும் ஒன்றாகும் கணத்துக்கு அவர் காட்டும் உதாரணம், மாடு அறுக்கும் திங். 19 வருஷமாக மழுங்காத கத்தி. எலும்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள வெளியில் கத்தி தானாகப் போகிறதாம். அழகுதான். ஆனால் அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் பிரபு வென்-ஹுய். வாழ்வை எப்படிப் பேணுவது என்று கற்றுக்கொண்டேன் என்கிறார். பாடம் பிரபுவுக்குப் போயாச்சு. திங்குக்கு என்ன கிடைத்தது? பிரதி சொல்லவில்லை. ஹுய்யின் வாசிப்பும் கத்தியிலிருந்து நேரே தாவுக்கு ஏறிவிடுகிறது, கைக்கு இறங்குவதில்லை.

கிழவர் கதையிலும் இப்படித்தான். தன் தோட்டத்துக்குத் தானே இறைக்கிறவர் ஏற்றத்துக்கு வெட்கப்படலாம். கூலிக்கு இறைக்கிறவன் வெட்கப்பட்டால் யார் விடுவார்கள்? ஹைசன்பெர்க் சொல்லாமல் விட்ட பகுதியில் கிழவர் இன்னொன்றும் பேசுகிறார். ட்சு-குங்கை விரட்டும்போது அவர் கடைசியாகச் சொல்வதில் எந்திர மனசும் இல்லை, தாவும் இல்லை: போய்யா, என் வேலை கெடுது என்பதுதான்.