சீத்யம்: உழுத நிலத்தின் பெயர்

வடமொழி நிகண்டான அமரகோசத்தில் வேளாண்மைச் சொற்கள் வைசிய வர்க்கத்தில் வருகின்றன. உழுத நிலத்துக்கு அங்கே மூன்று பெயர்கள்: சீத்யம், கிருஷ்டம், ஹல்யம். மூன்றாம் உழவு கண்ட நிலம் த்ரிசீத்யம். விதையைத் தூவி உழுத நிலத்துக்கு பீஜாக்ருதம் என்று தனிப்பெயர். ஒரே வயல், உழவுக்கு உழவு பெயர் மாறுகிறது.

சீத்யம் என்பது சீதா என்ற சொல்லின் வழி வந்தது. சீதா என்றால் உழவுசால். ஜனகர் உழுத இடத்தில் கிடைத்த குழந்தைக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லாரும் அறிந்தது. அந்தக் கதையோடு நம் ஆர்வம் நின்றுவிடுவது எனக்கு வருத்தமே. கதைக்கு வெளியே இந்தச் சொல்லுக்கு நீண்ட வாழ்க்கை உண்டு. ரிக்வேதத்தின் நான்காம் மண்டலத்தில் சீதா விளைச்சல் வேண்டி வணங்கப்படும் தெய்வம். பாரஸ்கர கிருஹ்ய சூத்திரத்தில் இந்திரனின் மனைவி.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது பாணினியை. நிலத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை உழுவதற்கான வினைச்சொற்கள் அமையும் விதத்துக்கென்றே அவர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். அதில் வரும் ‘சம்ப’ என்ற சொல்லுக்குக் காசிகா உரை தரும் விளக்கம், நேர்ச்சால் ஓட்டிய வயலில் மறுபடி எதிர்ப்போக்கில் உழுவது. ஏர் பிடிக்கிறவர்கள் வாயிலிருந்து வந்தால் ஒழிய இத்தகைய சொல் இலக்கணத்துக்குள் நுழைய வழியில்லை. இவ்வகைச் சொற்களைத் திரட்டி வாசுதேவ சரண அகர்வாலா 1953இல் வெளியிட்ட ‘பாணினி கால இந்தியா’ பற்றிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை.

மண்ணிலேயே சான்று வேண்டுவோர் ராஜஸ்தானின் காலிபங்கனுக்குப் போக வேண்டும். பி.பி. லால், பி.கே. தாப்பர் தலைமையில் 1960களில் நடந்த அகழாய்வில், ஹரப்பா நகரக் காலத்துக்கு முந்திய உழுத வயல் ஒன்று வெளிப்பட்டது. கிழக்கு மேற்காகச் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியிலும், வடக்குத் தெற்காகச் சுமார் 190 சென்டிமீட்டர் இடைவெளியிலும் சால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நெருங்கிய சாலில் கொள்ளும் அகன்ற சாலில் கடுகும் விதைக்கும் வழக்கம் அப்பகுதியில் அகழாய்வுக் காலத்திலும் இருந்தது. அந்த வயலை உழுதவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே அதைப் பாணினியின் சொல்லோடு முடிச்சுப் போடுவது அவசரம்.

மொழியியலாளர்கள் இங்கே எச்சரிக்கையாகவே நடந்திருக்கிறார்கள். கலப்பையைக் குறிக்கும் ‘லாங்கலம்’ வடமொழிக்கு வெளியிலிருந்து வந்த சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. தமிழ் ‘நாஞ்சில்’ அதன் உறவு. மூலம் திராவிடமா முண்டாவா என்ற வழக்கு தீரவில்லை. ஹிந்தியின் வேளாண் சொற்களை ஆராய்ந்த காலின் மசிகா, அவற்றில் சுமார் 30 விழுக்காடு அறியப்பட்ட எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை என்று 1979இல் எழுதினார்.

அர்த்தசாஸ்திரத்தை ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்தபோது சீதாவின் இன்னொரு முகம் தெரிந்தது. அங்கே அது அரசுப் பண்ணை நிலத்தின் விளைச்சல். அதை மேற்பார்க்கும் அதிகாரி சீதாத்யக்ஷன். வணங்கப்பட்ட உழவுசால் அரசின் வருவாய்க் கணக்கில் ஏறிவிட்டது. வாரத்துக்கு உழுதவனையும் அந்த நூல் உழவுசாலின் பெயராலேயே அழைக்கிறது: அர்த்தசீதிகன், பாதி விளைச்சலுக்கு உரியவன். உடல் உழைப்பை மட்டுமே கொண்டு வருபவனுக்கு அது நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் தருகிறது.