உயரம் என் கணக்கு, அகலம் காற்றின் கணக்கு

ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் நிற்கும் இலக்கு அட்டை முகதாட்சண்யம் பார்க்காது. குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் தோட்டா செய்ததில் குறை. இடமும் வலமுமாகச் சிதறியிருந்தால் காற்றைப் படித்ததில் குறை. நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதல் என்னை ஆட்கொண்டது இந்த நேர்மையால்தான். வேறெந்த விளையாட்டிலும் இப்படி ஒரு பதிலை நான் கண்டதில்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு ஊர் இருக்கிறது: சர்ரே மாவட்டத்துப் பிஸ்லி. தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி 1860இல் விம்பிள்டனில் நடந்தபோது, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கெஜத்தில் முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. 1890இல் போட்டிகள் பிஸ்லிக்கு வந்தன. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் களத்தில் 1,200 கெஜம் வரை சுடலாம். முதல்முறை போகிறவர்கள் அந்த வெளியைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். எனக்கு இன்னமும் அப்படித்தான்.

நான் சுடுவது எஃப்-ஓப்பன் பிரிவு. தரையில் படுத்து, முன்னால் தாங்கி, பின்னால் மணல்பை, மேலே ஸ்கோப். துப்பாக்கி 10 கிலோவைத் தாண்டக் கூடாது. கண் மங்கினாலும் உடம்பு தளர்ந்தாலும் போட்டியை விட வேண்டியதில்லை என்று இந்த முறைக்கு வழிவகுத்தவர் கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்கர்சன். அந்த மனிதருக்குக் கோயிலே கட்டலாம்.

ஆனால் என் உயிர் இருப்பது தோட்டா செய்யும் மேசையில். கடையில் வாங்கும் தோட்டா நல்லதுதான்; அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்துமாறு செய்தது. என் தோட்டா என் ஒரே ஒரு பேரலுக்காகச் செய்தது. .284 வின்செஸ்டர் 1963இல் வேட்டைக்காக வந்த ரகம். வேட்டைக்காரர்கள் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை, நாங்கள் கொண்டாடுகிறோம். லப்புவாவின் 6.5-284 கூடுகளை வாங்கி, கழுத்தை 7 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்றபடி விரித்துக்கொள்வேன். ஒருமுறை சுட்டதும் பித்தளை என் துப்பாக்கியின் அறைக்குள் விரிந்து, அதன் அச்சாகவே வெளியே வரும். பிறகு டையில் கொடுத்து, தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். கழுத்தைச் சில விநாடி சூடாக்கிப் பதப்படுத்துவது கட்டாயம். விட்டுவிட்டால் பித்தளை இறுகிக்கொண்டே போகும். குண்டைப் பிடிக்கும் பிடி கூட்டுக்குக் கூடு மாறும்.

அடுத்தது மருந்து. ஃபோனை அணைத்துவிட்டுத்தான் அதில் கை வைப்பேன். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதிலும் நூறில் சில பங்கைக் காட்டும் தராசில், சாமணத்தால் ஒவ்வொரு துணுக்காகப் போட்டு, எண் சரியாக வந்து நிற்கும் அந்த நொடி இருக்கிறதே, அடடா! இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: குண்டின் வேகம் விநாடிக்குப் பத்தடி மாறினாலே ஆயிரம் கெஜத்தில் சுமார் இரண்டு அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். நடுவில் இருக்கும் வி-புல் வளையத்தின் மொத்த அகலமே 5 அங்குலம்தான். கடைசியில் குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்ற கேள்வி. மயிரிழை மாற்றினாலும் அட்டையில் துளைகளின் கூட்டம் சுருங்கும், விரியும். சரியான ஆழம் கிடைத்த நாளில் துளைகள் ஒன்றையொன்று தின்றுகொண்டு விழும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

இத்தனையும் செய்து உயரத்தைக் கட்டிப்போட்ட பிறகும், களத்துக்குப் போனால் அங்கே ராஜா காற்றுதான். என் குண்டு ஆயிரம் கெஜத்தை ஒன்றரை விநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று அதை ஏறக்குறைய ஐந்தடி தள்ளிவிடும். ஒரு மைல் தப்பாகக் கணித்தாலே அரையடி, அதாவது வி-புல் கைவிட்டுப் போனது. கொடி ஒன்று சொல்லும், பாதி வழியில் புல் வேறொன்று சொல்லும். தொலைநோக்கியைப் பாதித் தூரத்துக்குக் குவித்துக் கானலைப் பார்ப்பேன். அலை சாய்ந்து ஓடினால் காற்றின் திசை தெரியும். நேராக மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கும், இல்லையென்றால் திசை மாறப் போகிறது. அப்போது விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதற்றம் எனக்கு அமிர்தம்.

சுட்டதும் அட்டை பள்ளத்துக்குள் இறங்கும். துளையில் வட்டத் தகட்டைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள். தகடு நட்டநடுவில் வெள்ளையாகத் தெரியும்போது, பக்கத்தில் படுத்திருக்கும் எதிராளியே, என் மதிப்பெண்ணை எழுதிக்கொண்டே "அருமை!" என்பார். நான்கூட அவருக்குச் சொல்வேன், மனசாரத்தான்.

என் பேரலின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. இந்த ரகத்துக்கு ஈராயிரம் சொச்சம் குண்டுகளிலேயே தொண்டை தேய்ந்துவிடும். புதுப் பேரலுக்குச் சொல்லியாயிற்று. வேகம், மருந்து, ஆழம் எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டும். எப்போது வரும் என்று கொல்லரைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறேன்.