வைரியும் ராஜாளியும்

செஞ்சி வட்டத்து வல்லம் பக்கம், மல்லாட்டைக் கொல்லை ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்து ஓணானுக்குக் குறி வைக்கும் சிறு வல்லூறுக்கு வைரி என்று இன்னொரு பெயர் உண்டு. வைரம் என்றால் பகை, ஆகவே வைரி பகைவன் என்று சமஸ்கிருதத்தைக் காட்டிப் பொருள் சொல்லிவிடலாம். பாரசீக வேட்டைக்காரர்கள் பொரி வல்லூறுக்கு வைத்திருந்த ‘பஹ்ரீ’ என்ற பெயரின் திரிபே அது என்று கொள்வது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அரபியில் பஹ்ர் என்றால் கடல். கடலோரம் வலசை வரும் பறவை பஹ்ரீ. வட இந்தியாவில் அது பைரீ ஆயிற்று, தெற்கே வைரி. வழியில் பெரிய பறவையின் பெயர் சிறியதற்கு இறங்கிவிட்டது. பறவையைக் கையில் வைத்து வளர்ப்பவர் இல்லாத ஊரில் பெயர்கள் இப்படித்தான் ஆள் மாறும்.

அந்தப் பெயர் வருவதற்குச் செஞ்சியில் வாசல்கள் பல திறந்திருந்தன. 1649 வாக்கில் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், பிறகு புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங், அவர் மகன் தேஜ்சிங் என்கிற தேசிங்கு. இவர்கள் பின்னணியில் இருந்த வடக்கத்தி அரசவைகளில் வல்லூறு வேட்டை கௌரவமான பொழுதுபோக்கு. அக்பரின் வேட்டைப் பறவைகளைப் பற்றி அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் தனியாகவே எழுதியிருக்கிறார். அதற்காக இந்தக் கலையை முழுக்க முழுக்க முகலாயர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாச’த்தில் பருந்து விளையாட்டுக்கு ஓர் இயல் இருக்கிறது. குமாவுன் அரசன் ருத்ரதேவன் ‘சியைனிக சாஸ்திரம்’ என்று வடமொழியில் ஒரு நூலே செய்திருக்கிறான். சங்கப் பாட்டிலும் இரை மீது பாயும் எழால் என்னும் வல்லூறு வருகிறது. குறுந்தொகை 151இல் அது பாய்ந்ததால் பெண் பறவை துணையைக் காணாமல் கூவுகிறது. ஆனால் அந்த எழால் யார் கைக்கும் பழகியதல்ல, காட்டுப் பறவை.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. பறவையின் பெயர்களை விட, பறவையோடு செய்த வேலைகளின் பெயர்களே அங்கே ஊர்ப்பேச்சில் கலந்தன. லண்டனில் விலை உயர்ந்த வீடுகள் உள்ள சந்துகளுக்கு ‘மியூஸ்’ என்று பெயர். பிரெஞ்சில் அது இறகு உதிர்ப்பதைக் குறித்த சொல், அதற்கும் பின்னே ‘மாறுதல்’ என்னும் லத்தீன் வேர். பழைய இறகு விழுந்து புதியது முளைக்கும் வரை அரசரின் வல்லூறுகளைச் சேரிங் கிராஸில் அடைத்து வைத்தார்கள். 1534இல் அரச குதிரை லாயம் தீப்பிடித்தபின் குதிரைகள் அந்த இடத்துக்கு வந்தன. பறவைகள் போயின, பெயர் லாயத்தோடு ஒட்டிக்கொண்டது. லாயங்களைப் பின்னாளில் வீடுகளாக்கியபோதும் விடவில்லை. முகம் வாடி, கண் குழிந்தவரைச் சொல்லும் ‘ஹாகர்ட்’, வளர்ந்தபின் காட்டில் பிடிபட்டு எளிதில் பணியாத வல்லூறின் பெயர். ஷேக்ஸ்பியர் காலத்தில் கேட்டவருக்கு அந்தப் பறவை கண்முன் வந்திருக்கும். ஆசை காட்டி இழுக்கும் ‘லூர்’, இறகு கட்டிக் கயிற்றில் சுழற்றிப் பறவையைத் திரும்ப அழைக்கும் கருவி. ஏமாற்றுவதைக் குறிக்கும் ‘ஹூட்விங்க்’ என்ற சொல்லும் இந்த வேட்டையிலிருந்தே வந்தது என்பார்கள். பறவைக்குத் தொப்பி போட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் முதலில் மனிதர் கண்ணைக் கட்டுவதற்கே வழங்கியது. பருந்து வேட்டைக்காரர்களுக்குச் சொற்களைத் தாராளமாகத் தானம் செய்வது ஆங்கில எழுத்தாளர்களின் பழைய பழக்கம்.

இவற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது ‘மஸ்கெட்’. ‘ஸ்பாரோஹாக்’ என்னும் சிறு பருந்தின் ஆணுக்கு அந்தப் பெயர் உண்டு. இத்தாலியில் ஈயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, கடைசியில் துப்பாக்கிக்குப் போனது. ‘ஃபால்கனெட்’, ‘சேக்கர்’ என்ற பீரங்கிகளும் வல்லூறுகளின் பெயர் தாங்கியவையே. இதில் சேக்கர் அரபியின் ‘சக்ர்’. பருந்தின் பெயரைச் சூடிய துப்பாக்கியே பருந்து வேட்டைக்கு முடிவு கட்டியது. தூரத்தில் இருக்கும் காடையை ஈயக்குண்டு விழ வைக்குமென்றால், மாதக்கணக்கில் ஒரு பறவையை எதற்குப் பழக்க வேண்டும்?

வல்லூறுகளில் பெண்ணே பெரியது, வேட்டைக்கு மதிப்புள்ளதும் அதுவே. அதனால் பல மொழிகளில் ஆணுக்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ‘டெர்செல்’, பெண்ணை விட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்ற கணக்கு. இந்தியாவில் இந்த இரட்டைப் பெயர்களை அக்கறையாகக் குறித்து வைத்தவர் மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன். 1862இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ நூலில் பெண் பாஜ் என்றால் ஆண் ஜுர்ரா, பெண் பாஷா என்றால் ஆண் பாஷீன், பெண் ஷிக்ரா என்றால் ஆண் சிப்பக். ஷிக்ரா நம் வைரியேதான். அதை முஷ்டியிலிருந்து பறக்கவிடாமல், உள்ளங்கையில் பிடித்து ஈட்டி போலக் காடை மேல் எறிந்தார்கள். இந்த ஷிக்ராவின் பெயரில் விஞ்ஞானிகளும் சறுக்கினார்கள். 1800இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டொதான் செந்தலை வல்லூறுக்கு ‘ஃபால்கோ சிக்கெரா’ என்று பெயரிட்டுவிட்டார். உண்மையான ஷிக்ராவுக்கு 1788லேயே வேறு பெயர் போயிருந்தது. அதனால் வேறொரு பறவை இன்றும் ஷிக்ராவின் பெயரோடு பறக்கிறது.

வடக்கே ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தைப் போலவே நடந்துகொண்டது. பறவை உட்காரும் தாங்குகட்டை ‘அட்டா’. இப்போது நாலு பேர் கூடி வம்பளக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். தமிழில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தேசிங்கின் குதிரையை ஊரார் பாடினார்கள், ஏனென்றால் குதிரைக்காரனை ஊரார் பார்த்தார்கள். வல்லூறு வேட்டையோ அரண்மனையோடு நின்றுவிட்ட விஷயம். கொல்லைக்காரனுக்கு வைரி கோழிக்குஞ்சு தூக்கும் பறவை, அவ்வளவே. ‘ராஜாளி’ என்ற இன்னொரு வேட்டைப் பறவைப் பெயர் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி, தஞ்சைப் பக்கத்துக் கள்ளர்களிடையே ராஜாளியார் என்று பட்டப்பெயராகவும் இருக்கிறது.

வல்லூறு வேட்டைக்குப் பேர்போன பாவ்நகரின் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி, 1948 முதல் 1952 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்தார். தம்பி தர்மகுமார்சிங்ஜி பறவையியலாளர், வல்லூறு பழக்குவதில் தேர்ந்தவர். இந்தக் கலைக்கு இந்தியாவில் மிஞ்சிய கடைசிப் புரவலர்களில் அவர்களும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் பருந்து வேட்டைக்கு 2021இல் பெயர் கொடுத்த 24 நாடுகளில் பாகிஸ்தான் உண்டு, இந்தியா இல்லை. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2025இல் அதே யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் மராட்டியர் படைத்தலங்களில் ஒன்றாகத்தான், வல்லூறுக்காக அல்ல.

பெயர்களை இப்போது பேணுவது கடற்படை. விசாகப்பட்டினத்தில் 1991இல் தெலுங்கு ‘டேகா’, அரக்கோணத்தில் 1992இல் ‘ராஜாளி’, ராமநாதபுரம் உச்சிப்புளியில் 2009இல் ‘பருந்து’, அதே ஆண்டு மும்பையில் ‘ஷிக்ரா’, 2012இல் கிரேட் நிக்கோபாரில் ‘பாஜ்’. ஐந்தும் கடற்படை விமானத் தளங்கள். ‘வைரி’யை யாரும் கேட்கவில்லை.