மூன்று நாளில் ஒரு மலையைப் பார்ப்பது

புகைப்படங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். படம் எடுக்கக் கற்றுத்தரும் பயிலரங்குகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் மலைகளும் மலைமக்களும் நம் ஃபோன் திரையில் எப்படித் தெரிகிறார்கள் என்பதில் இந்த வார இறுதிப் பயிலரங்குகளுக்கும் பங்கு இருக்கிறது. ஜவ்வாது மலையில் அப்படியொரு மூன்று நாள் பயிலரங்கில் கலந்துகொண்டேன். ஒரு நூலையோ சினிமாவையோ விமர்சிப்பதுபோல அதை விமர்சித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொடுத்தவர் தொழில் தெரிந்தவர். முதல் நாளே ஜூம் லென்ஸையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். ஒரே லென்ஸ், ஒரு நாளைக்கு 36 படம், பழைய ஃபிலிம் ரோல் கணக்கு. சாமை அறுத்து முடிந்த ஒரு வயலில் ஒரு மணிநேரம் நின்று இரண்டே படம் எடுத்தேன். நிழல் எப்படி நகர்கிறது என்பது அந்த ஒரு மணிநேரத்தில்தான் உறைத்தது. ராத்திரி வகுப்பு இன்னும் பிரமாதம். விண்மீன்கள் புள்ளியாக விழ வேண்டுமென்றால் 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும், 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி. அதற்குமேல் ஷட்டர் திறந்திருந்தால் பூமி சுழல்வது படத்தில் பதிந்து, புள்ளி கோடாகிவிடும். யூடியூபில் பத்து வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறாத இந்தக் கணக்கு, குளிரில் ட்ரைபாடைத் திருகிக்கொண்டிருந்தபோது ஏறியது. நேரடிப் பயிற்சிக்கு மாற்றே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் இரண்டாம் நாள் காலையில். அட்டவணையில் அதற்குப் பெயர் 'போர்ட்ரெய்ட் செஷன்'. ஒரு குக்கிராமம், ஒரு திண்ணை, திண்ணையில் ஒரு பாட்டி, சுற்றிப் பதினான்கு கேமரா. "சுருக்கம் நல்லா விழணும்னா சைடு லைட் வேணும்" என்று பாடம் ஓடியது. பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத எங்கப்பா போடுவீங்க?" யாரோ கேமராவின் சின்னத் திரையைக் காட்டி "சூப்பரா வந்திருக்கீங்க பாட்டி" என்றார். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

மாலையில் அதே முகம் சுவரில் பெரிதாக விழுந்தது. கண்ணில் ஒளிப்பொட்டு, பின்புல மங்கல், கறுப்பு வெள்ளையா கலரா என்று முக்கால் மணிநேரம் அலசல். பாட்டியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. முந்தைய இரவு ஆப்பைத் திறந்து இது மிருகசீரிடம், அது திருவாதிரை என்று வானத்துக்கே வருகைப்பதிவு எடுத்த குழு அது! நட்சத்திரத்துக்கு 25 நொடி காத்திருக்கக் கற்றுத்தந்த பயிலரங்கு, மனுஷிக்கு ஒதுக்கியது நொடியில் 250இல் ஒரு பங்கு. பயிலரங்கின் அழகியல் குறைபாடே இதுதான் என்பேன். பொறுமையை அது ஒரு தொழில்நுட்பமாக மட்டும் கற்றுத்தருகிறது.

பெயரில்லாத இந்த முகத்துக்கு வயது அதிகம். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனவர். 1909இல் வெளியான அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகளும் (கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுபவர்கள்) அதில் உண்டு. அந்தத் தொகுதிகளின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் குலப்பெயர்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. 'ட்ரைபல் வுமன், ஜவ்வாது ஹில்ஸ்' என்று இன்ஸ்டாகிராமில் போடும்போது நாம் எழுதுவது தர்ஸ்டனின் கேப்ஷனைத்தான். அவர் அளந்தார், நாம் லைட்ரூமில் மெருகேற்றுகிறோம்.

இத்தனைக்கும் படத்தை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ள ஜவ்வாது மலையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. காவலூர் வானாய்வகம் இந்த மலையில்தான் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கும் இடம். 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் 4130 ராமானுஜன். குறுங்கோள் தேடுவதென்றால் வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் படமெடுத்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. படம் எடுத்ததும் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு பாடம் கசப்பானது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரக் கடத்தல்காரர்கள், மோதலில் செத்தார்கள் என்றது போலீஸ். வெளிவந்த படங்களில் உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடந்தன. படத்தை நிதானமாகப் பார்த்தவர்கள் கேட்டார்கள்: கட்டைகளில் பெயின்ட் அடையாளம் எப்படி வந்தது? அப்போதுதான் வெட்டியவையா, முன்பே பிடிபட்டவையா? கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அந்தப் படங்களில் ஒளியமைப்பு, ஃப்ரேமிங் எதுவும் கிடையாது. ஆனால் இந்த மலையின் ஆட்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியை எழுப்பியதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. மூன்று நாளில் ஒரு மணிநேரமாவது அவற்றைத் திரையிட்டுப் பேசியிருக்கலாம்.

"பயிலரங்குன்னா அவ்ளோதான் முடியும் பாஸ்" என்று கூட வந்த நண்பன் சொன்னான். எம். பழனிகுமாரை நினைத்துக்கொண்டேன். மலக்குழி மரணங்களைப் பல வருடங்களாகப் பதிவுசெய்பவர், 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர். மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவைப் பற்றிய அவருடைய படக்கட்டுரை பாரி தளத்தில் இருக்கிறது. அதில் அந்த முகம் யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. விளிம்புநிலைக் குழந்தைகளின் கையில் கேமராவைக் கொடுத்து அவரும் பயிலரங்கு நடத்துகிறார். மாணவர்கள் தங்கள் தெருவை, தங்கள் வீட்டைத்தான் எடுக்கிறார்கள். "எங்க போடுவீங்க" என்று யாரும் கேட்டால் பதில் சொல்ல அவர்கள் அதே தெருவில் இருப்பார்கள்.

வெளியூரிலிருந்து போகிறவர்கள் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பாதிப் புகைப்படக் கலையைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். அட்டவணையை மாற்றச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலை அருவிக்குப் போவதற்குப் பதிலாக ஒரு சின்ன பிரின்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே திண்ணைக்குப் போகலாம். எடுத்த படங்களை அச்சிட்டு, பெயர் கேட்டுப் பின்னால் எழுதி, எதை வெளியிடலாம் எதை வேண்டாம் என்று பாட்டியே பிரித்துப்போடட்டும். அதுதான் உண்மையான ரிவ்யூ செஷன். பதினான்கு பேரில் எத்தனை பேருடைய படம் அதில் தேறும் என்று பார்க்க எனக்கு ஆசை.